மூன்று வரிசை முன்னால்: ஒரு விமானப் பயணமும் ஓர் ஆஸ்துமா மரணமும்

1998 ஜனவரி 4 அன்று, கிரேக்கத்தின் ஒலிம்பிக் ஏர்வேஸ் விமானம் ஒன்றில் ஏதென்ஸிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மருத்துவர் ஒருவர் நடுவானில் மூச்சுத்திணறி இறந்துபோனார். அவருக்கு ஆஸ்துமா. அவர் உட்கார்ந்திருந்தது, புகைபிடிக்க அனுமதி இல்லாத பகுதி. இடத்தை மாற்றித் தரும்படி அவர் மனைவி மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் நடக்கவில்லை.

இந்த மரணம் வழக்காகி, ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால்தான் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. பொதுவாகப் புகை சார்ந்த மரணங்களுக்கு இப்படிப்பட்ட பதிவு கிடைப்பதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பின்னணி

1997 டிசம்பரில் அந்த மருத்துவரும் மனைவியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏதென்ஸுக்கும் கெய்ரோவுக்கும் விடுமுறைப் பயணம் கிளம்பினார்கள். கூட வந்த குடும்பத்தலைவரும் மருத்துவர்தான், ஒவ்வாமைச் சிகிச்சை நிபுணர். நோயாளிக்கு ஆஸ்துமா மட்டுமல்லாமல், அனாஃபிலாக்ஸிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமைத் தாக்குதலும் பலமுறை வந்திருந்தது. பக்கத்தில் யாராவது புகைத்தால் அவருக்கு ஆகாது. அவசர மருந்துப் பெட்டி, இன்ஹேலர், மருத்துவர் கடிதம் என்று எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போயிருந்தார்கள். நோயைப் பற்றி விவரம் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். ஒலிம்பிக் ஏர்வேஸ் தன் சர்வதேச விமானங்களில் புகைபிடிக்க அனுமதிக்கிறது என்பது, வழியில் நியூயார்க்கில் இறங்கியபோதுதான் தெரிய வந்தது.

அந்தக் காலத்து நிலவரத்தை வைத்துப் பார்த்தால் இது கவனக்குறைவு ஆகாது. அமெரிக்காவில் விமானங்களுக்குள் புகைக்காதோருக்குத் தனிப் பகுதி ஒதுக்க வேண்டும் என்ற விதி 1973-லேயே வந்துவிட்டது. 1988-ல் இரண்டு மணி நேரம் வரையிலான உள்நாட்டு விமானங்களிலும், 1990-ல் ஆறு மணி நேரம் வரையிலான உள்நாட்டு விமானங்களிலும் புகைபிடிப்பது முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது. டெல்டா நிறுவனம் 1995-ல் உலகெங்கும் தன் எல்லா விமானங்களிலும் தானாகவே நிறுத்திவிட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் 1996 ஜூலைக்குள் சர்வதேச விமானங்களில் புகையை ஒழிக்கும்படி 1992-ல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள் மட்டுமே, கட்டாயம் இல்லை. ஆகவே, அமெரிக்காவுக்குள் பறந்து பழகிய ஒரு குடும்பம், சர்வதேச விமானத்தில் பின்வரிசைகளில் இன்னும் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்க்காததில் வியப்பில்லை.

விஷயம் தெரிந்ததும், புகைப் பகுதியிலிருந்து தள்ளி இடம் கேட்டு வாங்கினார்கள். கெய்ரோ போய்ச் சேரும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை.

திரும்பும் பயணம்

கெய்ரோ விமான நிலையத்துக்கு நேரத்தோடே போய்விட்டார்கள். மனைவி மருத்துவர் கடிதத்தைக் காட்டி, கெய்ரோ - ஏதென்ஸ், அங்கிருந்து அமெரிக்கா என இரண்டு கட்டத்துக்கும் புகை இல்லாத பகுதியில் இடம் வேண்டும் என்று கேட்டார். ஏதென்ஸ் வரை சிக்கல் இல்லை.

ஏதென்ஸில் அடுத்த விமானத்தில் ஏறிய பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. கொடுக்கப்பட்ட இடம் புகை இல்லாத பகுதியில்தான் இருந்தது, ஆனால் சாதாரண வகுப்பின் புகைப் பகுதிக்கு மூன்றே வரிசை முன்னால். இரண்டு பகுதிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. கவுண்டரில் இருந்தவர், கேட்டதை ஏட்டளவில் கொடுத்துவிட்டார்.

மனைவி உடனே விமானப் பணிப்பெண்ணிடம், கணவரால் புகை வரும் இடத்தில் உட்கார முடியாது, இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். ‘போய் உட்காருங்கள்’ என்பதே பதில். எல்லோரும் ஏறி முடித்து, விமானம் கிளம்பும் முன்பாக மறுபடி போனார். கணவருக்குப் புகை ஒவ்வாது என்று விளக்கினார். விமானம் முழுக்க நிரம்பிவிட்டது, தனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று பணிப்பெண் சொல்லிவிட்டார்.

விமானம் மேலேறிய கொஞ்ச நேரத்தில் பின்வரிசைகளில் சிகரெட் பற்றவைக்க ஆரம்பித்தார்கள். புகை முன்னால் வந்து சூழ்ந்தது. மனைவி மூன்றாவது முறை போனார். திரும்பவும் ‘இடம் இல்லை’. வேண்டுமானால் வேறு பயணி யாரோடாவது இடம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதை நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும், நாங்கள் உதவ மாட்டோம் என்றார் பணிப்பெண். விமானி அறையில் இடம் இருந்தால்கூடப் பரவாயில்லை, பிசினஸ் வகுப்பானாலும் சரி, மாற்றுங்கள் என்று மனைவி மன்றாடிப் பார்த்தார். பயனில்லை.

கடைசி நேரம்

கிளம்பி சுமார் இரண்டு மணி நேரத்தில் பின்னால் புகை கூடியது. கணவர் மனைவியிடம் புது இன்ஹேலர் கேட்டார். அதுவரை அடித்துக்கொண்டிருந்தது தீர்ந்துபோயிருந்தது. பிறகு நல்ல காற்று கிடைக்குமா என்று எழுந்து விமானத்தின் முன்பக்கம் நடந்தார். உணவு தயாரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இருக்கையில் சாய்ந்து நின்றபடி, அவசர மருந்துப் பெட்டியை எடுத்துவரும்படி மனைவிக்குச் சைகை காட்டினார்.

மனைவி ஓடிவந்து, கடும் ஒவ்வாமைத் தாக்குதலுக்கான அவசர மருந்தான எபிநெஃப்ரின் ஊசியைப் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த நண்பரை எழுப்பினார். அவர் இன்னொரு ஊசி போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியும் செய்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. மதக் காரணங்களுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்யப்படவில்லை.

ஒவ்வாமை நிபுணர் சில அடி தூரத்தில், எபிநெஃப்ரின் கையில், ஆக்சிஜன் விமானத்திலேயே. அந்த உயரத்தில் ஆஸ்துமா நோயாளி ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய சிகிச்சையில் பெரும்பாலானவை அவருக்குக் கிடைத்தன. கிடைக்காதது வேறு இடம் மட்டும்தான்.

‘விமானம் நிரம்பிவிட்டது’

நிரம்பியிருக்கவில்லை. விசாரணையில் தெரிய வந்தது இது: மொத்தம் 11 இருக்கைகள் காலியாகக் கிடந்தன, அவற்றில் பெரும்பாலானவை சாதாரண வகுப்பிலேயே. அதோடு, கட்டணப் பயணிகளாகக் கணக்கில் வராத 28 பேர் விமானத்தில் இருந்தார்கள். விமானத் துறையில் இப்படிப் பறப்பவர்கள் பொதுவாக நிறுவன ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும்தான். அந்த 28 பேரில் 15 பேர், நோயாளியின் இருக்கையைவிடப் புகைப் பகுதியிலிருந்து இன்னும் தள்ளி உள்ள வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை எழுப்பி இடம் மாற்றியிருந்தால் போதும்.

நிறுவனத்தின் சொந்த நடைமுறையிலேயே, மருத்துவக் காரணத்துக்காகக் கேட்கும் பயணியை இடம் மாற்ற வேண்டும் என்று இருந்தது. துறையில் எல்லோரும் பின்பற்றும் வழக்கமும் அதுதான் என்று விசாரணை நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆக, விதி இல்லாமல் இல்லை. அந்த விதி வேலை செய்ய, கூட்டமான விமானத்தில் அலைந்துகொண்டிருந்த ஒரே ஒரு ஊழியர், கேட்பவரை நம்பி ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டியிருந்தது. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அந்தப் பணிப்பெண்ணைக் கொடூரமானவர் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிட்டால், ஏன் ஒரு நோயாளியின் மூச்சு அவருடைய மனநிலையை நம்பி இருந்தது என்ற கேள்வி அடிபட்டுப் போகும். போதாக்குறைக்கு, பயணம் முழுவதும் அதே புகையைச் சுவாசித்துக்கொண்டுதான் அவரும் வேலை பார்த்தார்.

மூன்று வரிசை எவ்வளவு பாதுகாப்பு?

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்கள் எப்போதும் உள்ளூர அழற்சியோடு இருப்பவை. சிகரெட் புகை பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி சுரக்கும். இன்ஹேலரில் வரும் மருந்து தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் மருந்தை அடிக்க அடிக்கப் புகையும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அது எத்தனை நேரம் தாங்கும்? விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தை, அல்லது அதற்குச் சற்று கீழேயோ மேலேயோ நினைத்துக்கொள்ளலாம். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது பொருட்டே இல்லை. ஏற்கெனவே குழாய் சுருங்கியவருக்கு, கைவசம் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனிலும் அது ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் குறைந்த வறண்ட காற்று வேறு.

இருக்கைகளைப் பிரித்துவைப்பது எந்த அளவுக்கு உதவும் என்பதை 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்திருந்தது. சுமார் நான்கு மணி நேர விமானப் பயணங்களில், பயணிகளும் பணியாளர்களுமாக ஒன்பது பேர் உடலில் கருவி மாட்டி நிகோடினை அளந்தார்கள். புகை இல்லாத பகுதியின் சில இடங்களில் நிகோடின் அளவு, புகைப் பகுதிக்கு ஈடாக இருந்தது. புகை இல்லாத பகுதியில் வேலை பார்த்த பணியாளர்களும் தப்பவில்லை. ஒன்பது பேர் என்பது சின்ன ஆய்வுதான். ஆனால் ஒரே குழாய்க்குள் ஒரே காற்று சுற்றும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையும் இல்லை. 2006-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை இதைப் பொதுவாகவே சொல்லிவிட்டது: பிறர் விடும் புகையில் ஆபத்தற்ற அளவு என்று எதுவும் இல்லை. புகைப்பவரைத் தனியே உட்காரவைப்பதோ, காற்றைச் சுத்திகரிப்பதோ, காற்றோட்டத்தைக் கூட்டுவதோ ஒரு கட்டடத்துக்குள் அதை ஒழித்துவிடாது.

வழக்கு

மனைவி கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். சர்வதேச விமானப் பயணம் என்பதால் வார்சா உடன்படிக்கையின் கீழ்தான் அது விசாரிக்கப்பட வேண்டும். அந்த உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவுப்படி, விமானத்தில் நடந்த ‘விபத்து’ ஒன்றால் பயணிக்குப் பாதிப்பு வந்திருந்தால்தான் நிறுவனம் பொறுப்பு. விபத்து என்றால் என்ன என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல் இன்னொரு வழக்கில் வரையறுத்திருந்தது: பயணியின் உடலுக்கு வெளியே நிகழும், எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வு.

நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. 1998-ல் எங்கள் விமானத்தில் புகை இருந்தது வழக்கத்துக்கு மாறானதல்ல, இறப்புக்குக் காரணம் பயணியின் சொந்த நோய், பணிப்பெண் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி ஒரு நிகழ்வாகும் என்று வாதிட்டது.

விசாரணை நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பணிப்பெண் மறுத்ததே விபத்து என்றது. அது வேண்டுமென்றே செய்த தவறு என்றும் முடிவுசெய்ததால், உடன்படிக்கையில் இருந்த இழப்பீட்டு உச்சவரம்பு பொருந்தாமல் போனது. 14 லட்சம் டாலர் வழங்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பிரேதப் பரிசோதனை இல்லாதபோதும், மரணத்துக்குக் காரணம் புகைதான் என்ற முடிவை நிறுவனம் மேல்முறையீட்டில் எதிர்க்கவில்லை. 2004 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். ஒரு பாதிப்புக்குக் காரணங்கள் சங்கிலியாக இருக்கலாம், பயணியின் உடலுக்கு வெளியே நிகழ்ந்த, எதிர்பாராத ஒரு கண்ணி அதில் இருந்தாலே போதும், இங்கே மறுப்பு அப்படிப்பட்ட கண்ணி என்பது அவர் வாதம்.

மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்காலியாவின் எதிர்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரே உடன்படிக்கைக்கு எல்லா நாடுகளும் ஒரே பொருள் கொள்ள வேண்டும், இங்கிலாந்து, ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் நீண்ட பயணத்தில் காலில் ரத்தம் உறைந்த வழக்குகளில் ‘செயலின்மை விபத்தாகாது’ என்று சொல்லியிருக்கும்போது, அவற்றுக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போவது சரியில்லை என்றார் அவர். சட்டப்படி இது வலுவான கேள்வி. ஆனால் அந்த வழக்குகளில் யாரும் மூன்று முறை கேட்டு மூன்று முறை மறுக்கப்படவில்லை. என் பார்வையில், கேட்காதபோது சும்மா இருப்பதும் கேட்டபின் மறுப்பதும் ஒன்றல்ல.

தடையைப் பற்றிய விவாதம்

இந்த மரணம் நடந்த சமயத்தில் விமானப் புகைத் தடை பற்றிய வாக்குவாதம் ஏறக்குறைய முடியும் கட்டத்தில் இருந்தது. 1987-ல் இரண்டு மணி நேர விமானங்களுக்கான தடை அமெரிக்கக் கீழவையில் 198-க்கு 193 என்ற வாக்கில், அதாவது மூன்று பேர் மாறி வாக்களித்திருந்தால் தோற்றிருக்கும் நிலையில், தப்பித்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் இன்றும் உணவகம், பார், அடுக்குமாடி என்று இடம் மாறிக்கொண்டே வருபவைதாம். தனிப்பகுதி ஒதுக்கினால் போதாதா? பெரியவர்கள் தங்கள் விருப்பத்துக்குப் புகைக்கக் கூடாதா? நல்ல காற்றோட்டம் வைத்தால் தீராதா? விமானத்துக்கே உரிய ஒன்றும் இருந்தது: நீண்ட பயணத்தில் தடுத்தால் கழிவறைக்குள் ஒளிந்து புகைப்பார்கள், தீப்பிடிக்கும் என்பது. அதில் நியாயம் இருந்தது. கழிவறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி இருப்பதும் அந்த அபாயத்துக்காகத்தான்.

மறுபக்கம் விவாதத்தைத் தள்ளியவர்களில் முக்கியமானவர்கள் விமானப் பணிப்பெண்களே. அவர்களில் புகைபிடிக்காமலேயே நுரையீரல் கெட்டவர்கள் 1991-ல் புகையிலை நிறுவனங்கள் மீது கூட்டு வழக்குப் போட்டார்கள். 1997 அக்டோபரில், நம் மருத்துவர் பயணம் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால், 30 கோடி டாலரில் ஆராய்ச்சி அறக்கட்டளை அமைக்கும் உடன்பாட்டோடு அது முடிந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம், அமெரிக்காவுக்கு வந்துபோகும் அயல்நாட்டு விமானங்களையும் தடைக்குள் கொண்டுவந்தது. மரணத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே இரண்டரை ஆண்டுகூட இல்லை.

முழுத் தடை வந்தால் புகைப்பவர்கள் வீட்டுக்குள் போய்ப் புகைப்பார்கள், குழந்தைகள்தாம் கூடுதலாக அவதிப்படுவார்கள் என்பது பொது இடத் தடைகளுக்கு எதிராக வந்த வாதங்களில் நேர்மையானது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் தடை வந்தது. அதற்குமுன் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்ந்த 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சராசரியாக 5.2 சதவீதம் கூடிக்கொண்டிருந்தது. தடைக்குப் பின் ஆண்டுக்கு 18.2 சதவீதம் வீதம் குறைந்தது என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு முழுக் காரணமும் தடைதான் என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது. ஆனால் பயந்ததற்கு நேர்மாறாக நடந்தது.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனாலும் 30 அறைகளுக்குக் குறையாத விடுதி, 30 பேருக்குக் குறையாமல் உட்காரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் தனிப் புகை அறை வைக்க விதி இடம் கொடுத்தது. சுவர் கூரைவரை இருக்க வேண்டும், கதவு தானாக மூட வேண்டும், காற்று வெளியேதான் போக வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. தடுப்பே இல்லாத மூன்று வரிசையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் நோயாளி இங்கும் அந்த நிபந்தனை கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை நம்பித்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

என்ன மாறியிருக்க வேண்டும்

நிறுவனத்தின் பக்கம் பெரிதாக ஆராய ஒன்றுமில்லை: அந்த விமானத்தில் யாருமே புகைத்திருக்கக் கூடாது. அது இல்லையென்றால், கடிதத்தைப் பார்த்த கெய்ரோ கவுண்டரிலேயே, புகை இல்லாத பகுதியின் முன்கோடியில் இடம் கொடுத்து, ஏதென்ஸ் பணியாளர்களுக்கும் குறிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அது நடந்திருந்தால் பணிப்பெண்ணிடம் மன்றாடும் வேலையே வந்திருக்காது. ‘இடமில்லை’ என்று சொல்லும் முன் பயணிகள் பட்டியலைப் பார்ப்பதும், முடிவைத் தலைமைப் பணியாளரிடமோ விமானியிடமோ விடுவதும் கட்டாயமாக இருந்திருக்க வேண்டும்.

நோயாளியின் பக்கம் சொல்வது சங்கடம், அவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். அந்தக் குடும்பம் செய்ய வேண்டியதைவிட அதிகமாகவே செய்தது. இருந்தாலும் ஆஸ்துமா நோயாளிகளைப் பார்ப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கடிதம். தீர்ப்பில் மேற்கோளாக வரும் அதன் வரி, இவருக்குக் கடும் ஒவ்வாமைத் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வந்துள்ளன என்கிறது. அந்த வரியில் புகை என்ற பேச்சே இல்லை. மருத்துவருக்குப் புரியும், கவுண்டர் ஊழியருக்கு அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. இவருக்குப் புகை பட்டால் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு, புகை வரும் இடத்திலிருந்து உடனே மாற்ற வேண்டும் என்று நேராக எழுதித் தர வேண்டும்.

இன்னொன்று அந்தத் தீர்ந்துபோன இன்ஹேலர். அடிக்கடி அடித்தும் அடங்காத இழுப்பு, மருந்து போதவில்லை என்பதற்கும் தூண்டும் பொருளிலிருந்து விலக வேண்டும் என்பதற்கும் ஒருசேர அறிகுறி. அந்தக் கட்டத்திலேயே நண்பரை எழுப்பியிருக்கலாம் என்று தரையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். நோயாளிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் நம்மால் முடிந்தது: வழக்கமான அளவு அடித்தும் சரியாகவில்லை என்றால் அடுத்த இன்ஹேலரைத் தேடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

வார்சா உடன்படிக்கையின் இடத்தில் இப்போது 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பெரும்பாலும் வந்துவிட்டது. இந்தியா அதில் 2009-ல் சேர்ந்தது. அதன் 17-ஆம் பிரிவிலும் ‘விபத்து’ என்ற நிபந்தனை அப்படியே தொடர்கிறது. விமானத்தில் மருத்துவ உதவி கேட்டு மறுக்கப்பட்டால், எந்த நேரத்தில், யாரிடம், என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்பதுதான் பின்னால் வழக்கில் எடுபடும். அந்த மனைவி மூன்று முறை கேட்டதை நீதிமன்றத்தில் அப்படித்தான் நிலைநாட்டினார்.